சமரசர் ஆவதற்கு 40 மணி நேரம் போதுமா?

புது தில்லி: நாட்டின் நீதிமன்றங்களில் 5.02 கோடி வழக்குகள் தேங்கிக் கிடக்கின்றன என்று மத்திய சட்ட அமைச்சர் அர்ஜுன் ராம் மேக்வால் மாநிலங்களவையில் எழுத்து மூலம் தெரிவித்தது 2023 ஜூலை 20-ஆம் தேதி. அதிலிருந்து 12-ஆவது நாளில், ஆகஸ்ட் 1 அன்று, அதே அவை சமரச மசோதாவை நிறைவேற்றியது. ஆகஸ்ட் 7 அன்று மக்களவையும் ஒப்புதல் அளித்தது. செப்டம்பர் 14-இல் குடியரசுத் தலைவரின் ஒப்புதலும் கிடைத்து அது சட்டமாயிற்று.

ஆகஸ்ட் 7-ஆம் தேதியை நினைவில் வைத்திருப்பவர்கள் வேறு காரணங்களுக்காகவே வைத்திருப்பார்கள். ராகுல் காந்தியின் மக்களவை உறுப்பினர் பதவி மீண்டும் வழங்கப்பட்ட நாள் அது. தில்லி அரசின் அதிகாரிகள் மீதான அதிகாரம் யாருக்கு என்ற மசோதா மாநிலங்களவையில் நிறைவேறிய இரவும் அதுவே. மணிப்பூர் விவகாரத்தில் கொண்டுவரப்பட்ட நம்பிக்கையில்லாத் தீர்மானத்தின் மீதான விவாதம் மறுநாள் தொடங்க இருந்தது. தனிநபர் தரவுப் பாதுகாப்பு மசோதாவும் அன்றைக்கே மக்களவையில் நிறைவேறியது. இத்தனைக்கும் நடுவே சமரச மசோதா பெரிய கவனம் எதையும் ஈர்க்காமல் கரை சேர்ந்தது. சாமானியக் குடிமகனின் வாசல்வரை வந்து அவனது நிலத்தையும் குடும்பத்தையும் தொடப்போகும் சட்டம் அதுதான் என்பதைப் பலர் கவனிக்கவில்லை.

சமரசம் என்ற சொல் நமக்குப் புதிதல்ல. ஆனால் நீதிமன்றம் அங்கீகரிக்கும் சமரசம் என்பது ஊர்ப் பெரியவர் திண்ணையில் உட்கார்ந்து சொல்லும் தீர்ப்பு அல்ல. இதில் தீர்ப்பு சொல்லும் அதிகாரம் யாருக்கும் இல்லை. வழக்காடும் இரு தரப்பினரும் தாங்களே பேசி, தாங்களே ஒரு முடிவுக்கு வர உதவுபவர் மட்டுமே சமரசர். அப்படி உதவுவதற்கு ஒரு தனித் திறமை வேண்டும். அந்தத் திறமையை எவ்வாறு கற்பிப்பது, கற்றவரை எவ்வாறு அளவிடுவது என்ற கேள்விதான் இப்போது நாடு முழுவதும் எழுந்திருக்கிறது.

இதன் வரலாற்றில் தமிழகத்துக்குத் தனி இடம் உண்டு. 1999-இல் திருத்தப்பட்ட சிவில் நடைமுறைச் சட்டத்தில் 89-ஆவது பிரிவு புதிதாகச் சேர்க்கப்பட்டது. தீர்வுக்கான கூறுகள் ஒரு வழக்கில் தென்பட்டால், அதை நீதிமன்றத்துக்கு வெளியே தீர்க்க அனுப்பலாம் என்றது அந்தப் பிரிவு. 2002 ஜூலை 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. அந்தத் திருத்தங்களை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தின் கதவைத் தட்டியது சேலம் வழக்குரைஞர் சங்கம். 2002 அக்டோபர் 25-இல் வந்த தீர்ப்பு திருத்தங்களை ரத்து செய்யவில்லை. மாறாக, அவற்றை நடைமுறைப்படுத்தும் வழிகளை ஆராய ஒரு குழுவை அமைத்தது. நீதிபதி எம். ஜகந்நாத ராவ் தலைமையிலான அந்தக் குழு சமரசத்துக்கான மாதிரி விதிகளை வகுத்துக் கொடுத்தது. 2005 ஆகஸ்ட் 2-இல் வந்த இரண்டாவது சேலம் தீர்ப்பு, அந்த விதிகளின் அடிப்படையில் உயர் நீதிமன்றங்கள் தத்தம் விதிகளை வகுத்துக்கொள்ள வழிகாட்டியது. இந்திய சமரச முறையைப் பற்றிய எந்தப் பாடமும் சேலத்தின் பெயரைச் சொல்லாமல் தொடங்குவதில்லை.

நாட்டிலேயே முதன்முறையாக நீதிமன்றத்துடன் இணைந்த சமரச மையம் 2005 ஏப்ரல் 9-இல் சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் தொடங்கப்பட்டது. மூத்த வழக்குரைஞர் ஸ்ரீராம் பஞ்சு அதற்கு முன்னின்று உழைத்தார். அதே தேதியில்தான், அப்போதைய தலைமை நீதிபதி ஆர்.சி. லஹோட்டி தில்லியில் சமரச, இணக்கத் திட்டக் குழுவை அமைத்தார். நீதிபதி சந்தோஷ் ஹெக்டே அதன் முதல் தலைவர். அந்த ஆண்டிலேயே தில்லி தீஸ் ஹசாரி நீதிமன்ற வளாகத்தில் முன்னோடித் திட்டம் தொடங்கிற்று. முதலில் அங்கு பயிற்சி பெற்றவர்கள் பணியிலிருந்த கூடுதல் மாவட்ட நீதிபதிகள். பிறகே வழக்குரைஞர்களுக்குப் பயிற்சி விரிவடைந்தது. 2006-இல் தில்லி உயர் நீதிமன்றத்தில் "சமாதான்' என்ற மையம் உருவாயிற்று. 2007-இல் பெங்களூரும் இந்தப் பட்டியலில் சேர்ந்தது.

ஜகந்நாத ராவ் குழுவின் மாதிரி விதிகள் யார் சமரசர் ஆகலாம் என்று வரையறுத்தபோது ஆண்டுகளையே அளவுகோலாகக் கொண்டன. ஓய்வு பெற்ற நீதிபதிகள், 15 ஆண்டு அனுபவமுள்ள வழக்குரைஞர்கள், 15 ஆண்டு அனுபவமுள்ள பிற துறை வல்லுநர்கள், ஓய்வு பெற்ற மூத்த அதிகாரிகள் என்று அந்தப் பட்டியல் நீண்டது. அனுபவம் மட்டும் போதாது, பயிற்சியும் வேண்டும் என்பதைத் திட்டக் குழுதான் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. 40 மணி நேர வகுப்பு, அதன்பின் உண்மையான வழக்குகளில் 10 சமரசங்கள் என்பது அது வகுத்த அளவு. இந்த 40 மணி நேரம் என்ற எண் அன்று முதல் நிலைத்துவிட்டது.

அந்த 40 மணி நேரத்தில் என்ன கற்பிக்கப்படுகிறது? சட்டம் அதில் சிறு பகுதியே. பெரும்பகுதி பேசுவதையும், அதைவிட முக்கியமாகக் கேட்பதையும் பற்றியது. சமரசம் நான்கு கட்டங்களாகப் பிரிக்கப்படுகிறது. முதலில் சமரசர் தம்மை அறிமுகம் செய்துகொண்டு, தமக்குத் தீர்ப்பளிக்கும் அதிகாரம் இல்லை, இங்கே பேசப்படுவது வெளியே போகாது, விருப்பமில்லாவிட்டால் எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம் என்று எளிய மொழியில் விளக்க வேண்டும். அடுத்தது இரு தரப்பும் ஒருவர் முன்னிலையில் மற்றவர் பேசும் கூட்டு அமர்வு. அதற்கடுத்து ஒவ்வொரு தரப்புடனும் தனித்தனி அமர்வு. இறுதியில், உடன்பாடு ஏற்பட்டால் அதை எழுத்தில் வடிப்பது.

பயிற்சியின் மையக் கருத்தை ஓர் உவமையால் விளக்கலாம். ஒரு தேங்காய்க்கு அண்ணனும் தம்பியும் சண்டையிடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். நீதிமன்றம் யாருக்குச் சொந்தம் என்று தீர்ப்பளிக்கும். அல்லது இரண்டாக உடைத்துப் பாதிப் பாதி கொடுக்கும். சமரசரோ, "இது உங்களுக்கு எதற்கு?' என்று இருவரிடமும் தனித்தனியே கேட்பார். ஒருவருக்குச் சமையலுக்குப் பருப்பு வேண்டும், மற்றவருக்குக் கயிறு திரிக்க மட்டை வேண்டும் என்பது அப்போதுதான் தெரியவரும். கேட்கும் கோரிக்கை வேறு, அதன் பின்னால் இருக்கும் தேவை வேறு. இந்த வேறுபாட்டைக் கண்டுகொள்வதுதான் பயிற்சியின் முதல் பாடம்.

சொல்வதற்கு இது எளிது. "அவன் என்னை ஏமாற்றிவிட்டான்' என்று ஒருவர் கத்தும்போது, அந்தக் கோபத்தின் சூட்டைத் தணித்து, "கணக்கு வெளிப்படையாக இருந்திருக்க வேண்டும் என்று நீங்கள் எதிர்பார்த்தீர்கள்' என்று திருப்பிச் சொல்லப் பழக வேண்டும். சமரசம் ஏற்படாமல் வழக்கு தொடர்ந்தால் தமக்கு மிகச் சிறப்பாகவோ மிக மோசமாகவோ என்ன நேரக்கூடும் என்பதை ஒவ்வொரு தரப்பும் தானே எண்ணிப் பார்க்கும்படி கேள்விகள் கேட்க வேண்டும். பேச்சு முட்டி நிற்கும்போது பொறுமையிழக்காமல் வேறு வழி தேட வேண்டும். இவற்றை எல்லாம் விரிவுரையால் கற்க முடியாது என்பதால், பயிற்சியாளர்கள் கற்பனை வழக்குகளைக் கொடுத்து நடிக்கச் செய்கிறார்கள். ஒருவர் கணவர், ஒருவர் மனைவி, ஒருவர் சமரசர். நடித்து முடித்ததும் மற்றவர்கள் குறைகளை எடுத்துரைப்பார்கள்.

வழக்குரைஞர்களுக்கு இந்தப் பயிற்சி மிகக் கடினமானது. வாதாடுவதும், எதிர்த்தரப்பின் சொல்லில் ஓட்டை தேடுவதும், தம் கட்சிக்காரருக்காக ஒரு பக்கம் நின்று பேசுவதும் அவர்களின் தொழில். இருபது ஆண்டுகள் அப்படியே பழகியவர் ஒரு வாரத்தில் அதை மறந்து, யார் பக்கமும் சாயாமல், அறிவுரையும் சொல்லாமல் உட்கார வேண்டும். ஓய்வு பெற்ற நீதிபதிகளின் சிரமம் வேறு வகையானது. பாதி கேட்டதுமே தீர்ப்பு அவர்கள் மனத்தில் உருவாகிவிடும். அதை வெளியே சொல்லாமல் அடக்குவதற்கே அவர்களுக்குப் பயிற்சி வேண்டியிருக்கிறது.

ரகசியம் காப்பதும் அப்படித்தான். சமரசம் தோல்வியடைந்தால், "தோல்வி' என்ற ஒற்றை வரிக்கு மேல் சமரசர் நீதிமன்றத்துக்கு எதுவும் எழுதக் கூடாது என்று மோதிராம் வழக்கில் 2010 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. யார் என்ன விலை சொன்னார், யார் இறங்கி வர மறுத்தார் என்பதெல்லாம் அந்த அறையோடு நின்றுவிட வேண்டும். உச்ச நீதிமன்றமே எடுத்துச் சொல்லும் தேவை எழுந்தது என்றால், களத்தில் அறிக்கைகள் எப்படி எழுதப்பட்டு வந்தன என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

சட்டத்தை இயற்றியவர்களுக்கே இதில் தெளிவு இல்லை என்பதற்கும் சான்று உண்டு. 89-ஆவது பிரிவில் "நீதிமன்றத் தீர்வு', "சமரசம்' ஆகிய இரண்டின் விளக்கங்களும் இடம் மாறி அச்சாகியிருந்தன. எட்டு ஆண்டுகள் நடைமுறையில் இருந்த பிறகு, 2010 ஜூலை 26-இல் ஆஃப்கான்ஸ் வழக்கின் தீர்ப்பில் நீதிபதி ஆர்.வி. ரவீந்திரன் அதைச் சுட்டிக்காட்டி, இரண்டையும் மாற்றிப் படிக்க வேண்டும் என்று திருத்தினார். எந்த வழக்குகளைச் சமரசத்துக்கு அனுப்பலாம், எவற்றை அனுப்பக் கூடாது என்ற பட்டியலும் அந்தத் தீர்ப்பில்தான் தெளிவாக வந்தது. வணிக ஒப்பந்தங்கள், பாகப்பிரிவினை, மண வாழ்க்கைத் தகராறுகள், அண்டை வீட்டார் சச்சரவுகள், வாகன விபத்து இழப்பீடு ஆகியவை முதல் வகை. தேர்தல் வழக்குகள், கடுமையான மோசடிக் குற்றச்சாட்டுகள், சிறார் நலன் போன்ற பாதுகாப்பு தேவைப்படும் வழக்குகள் ஆகியவை இரண்டாம் வகை.

அதன்பின் சமரசத்தின் எல்லை விரிந்துகொண்டே வந்திருக்கிறது. மண வாழ்க்கைத் தகராறுகளில் தொடக்கத்திலேயே சமரசத்துக்கு முயல வேண்டும் என்று 2013-இல் கே. சீனிவாச ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் அறிவுறுத்தியது. வணிக நீதிமன்றங்கள் சட்டத்தில் 2018-இல் சேர்க்கப்பட்ட 12ஏ பிரிவு, அவசர நிவாரணம் கோராத வழக்குகளைத் தொடுப்பதற்கு முன்பே சமரசத்துக்குச் செல்ல வேண்டும் என்றது. அது கட்டாயம்தான் என்று 2022 ஆகஸ்ட் 17-இல் பாட்டீல் ஆட்டோமேஷன் வழக்கில் தீர்ப்பு வந்தது. 2025 ஜூலை 1 முதல் செப்டம்பர் 30 வரை "தேசத்துக்காகச் சமரசம்' என்ற பெயரில் 90 நாள் இயக்கத்தைத் தேசிய சட்டப்பணிகள் ஆணைக் குழுவும் திட்டக் குழுவும் நாடெங்கும் நடத்தின. மண வாழ்க்கை, காசோலை, விபத்து இழப்பீடு, பாகப்பிரிவினை, நிலம் கையகப்படுத்தல் என்று தாலுகா நீதிமன்றம் வரை வழக்குகள் சமரசர்களின் மேசைக்கு வந்தன.

இத்தனை வகை வழக்குகளுக்கும் ஒரே 40 மணி நேரப் பயிற்சி போதும் என்று நாம் நம்பிக்கொண்டிருக்கிறோம். இதில்தான் ஆபத்து இருக்கிறது.

பாகப்பிரிவினை வழக்கு ஒன்றை எடுத்துக்கொள்வோம். மகள்களுக்கும் மகன்களுக்கு இணையான உரிமை உண்டு என்று இந்து வாரிசுரிமைச் சட்டம் 2005-இல் திருத்தப்பட்டது. தமிழகம் அதற்கு முன்பே, 1989-இல், அந்த உரிமையை வழங்கியது. தந்தை உயிருடன் இருந்தாரா என்ற கேள்வி அந்த உரிமைக்குத் தடையல்ல என்று 2020 ஆகஸ்டில் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. ஆனால் சமரச அறையில் மூன்று சகோதரர்களுக்கு எதிரே தனியே உட்கார்ந்திருக்கும் சகோதரி, "பிறந்த வீட்டு உறவு வேண்டுமா, சொத்து வேண்டுமா?' என்ற கேள்விக்கு முன்னால் தடுமாறுகிறார். சிறு தொகையை வாங்கிக்கொண்டு விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்திட்டால் சமரசம் "வெற்றி'. கோப்பு மூடப்படும். அவருக்குத் தம் உரிமையின் அளவு தெரிந்திருந்ததா, தெரிந்தேதான் விட்டுக்கொடுத்தாரா என்று யாரும் கேட்பதில்லை. தெரிந்து விட்டுக்கொடுத்தால் அது அவரது உரிமை. தெரியாமல் விட்டுக்கொடுத்தால் அது சமரசம் அல்ல.

அறிவுரை சொல்லக் கூடாது என்பதைப் பயிற்சியில் கற்ற சமரசர், அந்த நேரத்தில் மௌனமாக இருப்பதே நடுநிலை என்று எண்ணக்கூடும். உண்மையில் அவர் செய்ய வேண்டியது வேறு. தனி அமர்வில், "இதுபற்றி வழக்குரைஞரிடம் கேட்டீர்களா? கையெழுத்திட இன்னும் ஒரு வாரம் எடுத்துக்கொள்ள விரும்புகிறீர்களா?' என்று கேட்பது அவரது கடமை. கணவரின் அடிக்குப் பயந்து எதற்கும் தலையாட்டும் மனைவியை அடையாளம் காண்பதும் அப்படித்தான். கூட்டு அமர்வில் அவர் பேசமாட்டார். கணவர் பக்கத்து அறையில் இருந்தால் தனி அமர்விலும் பேசமாட்டார். அந்த மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளாதிருக்க, ஒரு பிற்பகல் வகுப்பு போதாது.

புதிய சட்டத்தைப் பார்க்கும்போது கவலை கூடுகிறது. சமரச உடன்பாடு நீதிமன்றத் தீர்ப்பாணையைப் போலவே நிறைவேற்றத்தக்கது என்கிறது 27-ஆவது பிரிவு. அதை எதிர்த்து வழக்காடக் கூடிய காரணங்களை 28-ஆவது பிரிவு நான்காகச் சுருக்கிவிட்டது: மோசடி, ஊழல், ஆள்மாறாட்டம், சமரசத்துக்கு உரியதல்லாத விவகாரம். அச்சுறுத்தல் அந்தப் பட்டியலில் பெயர் சொல்லிக் குறிப்பிடப்படவில்லை. உறவினரின் நெருக்குதலோ, உரிமை தெரியாமல் கையெழுத்திட்டதோ அதில் இல்லை. எதிர்ப்பதற்கும் 90 நாள்கள்தான். தகுந்த காரணம் காட்டினால் மேலும் 90 நாள்கள். முடிந்த வழக்கு மீண்டும் முளைக்கக் கூடாது என்ற நோக்கம் நியாயமானதே. ஆனால் பின்னால் இருக்கும் கதவைச் சட்டம் இவ்வளவு இறுக்கமாக மூடும்போது, முன்வாசலில் நிற்கும் காவலர் தேர்ந்தவராக இருக்க வேண்டும். அந்தக் காவலர்தான் சமரசர். அவரது பயிற்சியே பலவீனமான தரப்புக்கு இருக்கும் முக்கியப் பாதுகாப்பு.

சமரசத்தைப் புகழ்பவர்கள் நம் பழைய பஞ்சாயத்து மரபை எடுத்துக்காட்டுவது வழக்கம். அந்தப் புகழ்ச்சியில் எச்சரிக்கை தேவை. தில்லிக்குப் பக்கத்திலேயே ஹரியாணாவில் காப் பஞ்சாயத்துகள் காதலித்து மணந்தவர்களுக்கு என்ன நீதி வழங்கின என்பதை நாடறியும். நம் ஊர்களின் கட்டப் பஞ்சாயத்துகளும் வேறுபட்டவை அல்ல. தமிழகத்திலிருந்து சென்ற ஆறுமுகம் சேர்வை வழக்கில் 2011 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் இரண்டையும் சேர்த்தே கண்டித்து, அவை முற்றிலும் சட்டவிரோதமானவை என்றது. 2018 மார்ச்சில் சக்தி வாகினி வழக்கில் அந்தக் கண்டனம் மேலும் உறுதி பெற்றது. பஞ்சாயத்தில் பேசியவர்கள் செல்வாக்கால் பேசினார்கள். சமரச அறையில் செல்வாக்குக்கு இடமில்லை என்பதே அதன் சிறப்பு. அந்தச் சிறப்பைக் காப்பது கட்டடமோ பெயர்ப் பலகையோ அல்ல; சமரசரின் பயிற்சியும் கட்டுப்பாடும்தான்.

ஒரு பகுதியில் வாழ்வோரின் அமைதியைப் பாதிக்கும் தகராறுகளுக்கு மூன்று பேர் கொண்ட குழு மூலம் சமூக சமரசம் செய்யவும் புதிய சட்டம் வழிவகுத்துள்ளது. அதில் ஏற்படும் உடன்பாடு நீதிமன்றத் தீர்ப்பாணையாக நிறைவேற்றத்தக்கது அல்ல என்று சட்டம் சொல்லியிருப்பது ஆறுதல். ஆயினும் அந்த மூவர் யார், எந்தச் சாதியினர், எந்தக் கட்சியினர், என்ன பயிற்சி பெற்றவர்கள் என்ற கேள்விகளுக்கு நல்ல விடை கிடைக்காவிட்டால், கட்டப் பஞ்சாயத்துக்கு அரசு முத்திரை குத்தியதாகவே அது முடியும்.

இதையெல்லாம் ஒழுங்குபடுத்த இந்திய சமரசக் கவுன்சில் என்ற அமைப்பைச் சட்டம் ஏற்படுத்தியுள்ளது. சமரசர்களைப் பதிவு செய்வது, அவர்களின் தொடர் கல்விக்கும் சான்றளிப்புக்கும் மதிப்பீட்டுக்கும் நெறிகளை வகுப்பது, தொழில் ஒழுக்கத்தை வரையறுப்பது ஆகியவை அதன் பணிகள். 2023 அக்டோபர் 9-இல் சட்டத்தின் ஒரு பகுதி மட்டும் அமலுக்குக் கொண்டுவரப்பட்டபோது, கவுன்சிலை அமைப்பது பற்றிய பிரிவுகள் அதில் அடங்கியிருந்தன. கவுன்சில்தான் முதலில் வேண்டும் என்பதை அரசு உணர்ந்திருப்பதற்கு இது அடையாளம்.

ஆனால் கவுன்சிலில் இடம்பெறுபவர்களின் பட்டியலைப் பாருங்கள். தலைவர், சமரசச் சட்டம் அறிந்த ஒருவர், ஆய்விலோ கற்பித்தலிலோ ஈடுபட்ட ஒருவர், சட்டத் துறைச் செயலர், செலவினத் துறைச் செயலர், தலைமை நிர்வாக அதிகாரி, தொழில் வர்த்தக அமைப்பின் பிரதிநிதி ஒருவர். இத்தனை வழக்குகளில் சமரச அறையில் உட்கார்ந்தவர் என்ற தகுதி எவருக்கும் வரையறுக்கப்படவில்லை. மருத்துவர்களை மருத்துவர்களும், வழக்குரைஞர்களை வழக்குரைஞர்களும் நெறிப்படுத்தும் நாட்டில், சமரசர்களை நெறிப்படுத்தும் அமைப்பில் பணியிலிருக்கும் சமரசர் ஒருவருக்கேனும் உறுதியான இடம் இருக்க வேண்டாமா?

நாடாளுமன்றத்துக்கு இதில் பெருமைப்பட ஓர் இடம் உண்டு. 2021 டிசம்பரில் மாநிலங்களவையில் அறிமுகமான மசோதா, வழக்குத் தொடுப்பதற்கு முன் எல்லோரும் கட்டாயம் சமரசத்துக்கு முயல வேண்டும் என்றது. சுஷீல் குமார் மோடி தலைமையிலான நிலைக் குழு 2022 ஜூலையில் அளித்த அறிக்கையில் இந்தக் கட்டாயத்தை மறுபரிசீலனை செய்யச் சொன்னது. நீண்ட கால அவகாசத்தையும் குறைக்கச் சொன்னது. நிறைவேறிய சட்டத்தில் சமரசம் விருப்பத்துக்கு உரியதாயிற்று. 180 நாள்களாக இருந்த கால வரம்பு 120 ஆகக் குறைந்தது; இரு தரப்பும் ஒப்பினால் மேலும் 60 நாள்கள். குழுக்களுக்கு மசோதாக்கள் அனுப்பப்படுவது அரிதாகிவரும் காலத்தில், அனுப்பினால் சட்டம் செம்மைப்படும் என்பதற்கு இது உதாரணம். ஆனால் பயிற்சி எவ்வளவு, எப்படி என்ற கேள்வியைச் சட்டம் விதிகளுக்கும் ஒழுங்குமுறைகளுக்கும் விட்டுவிட்டது. அவற்றை எழுதுபவர்கள் அதிகாரிகள். அவற்றைப் படித்துப் பார்க்க அவையில் நேரம் ஒதுக்குபவர்கள் குறைவு.

மறுதரப்பின் வாதத்தையும் எடைபோட வேண்டும். ஐந்து கோடி வழக்குகளின் சுமையில் நீதிமன்றங்கள் மூச்சுத் திணறுகின்றன. பயிற்சியை நீட்டித்தால் சமரசர்கள் கிடைக்கமாட்டார்கள். குறைந்த சன்மானத்துக்கு வரும் சில நல்ல வழக்குரைஞர்களும் விலகிவிடுவார்கள். சிறு நகரங்களில் மையங்கள் வெறுமையாகும் என்கிறார்கள். இதில் உண்மை இருக்கிறது. சமரசம் கட்சிக்காரருக்குத் தரும் நன்மையும் கண்கூடானது. ஆண்டுக்கணக்கில் இழுக்கும் வழக்கு சில வாரங்களில் முடிகிறது. செலுத்திய நீதிமன்றக் கட்டணமும் திரும்பக் கிடைக்கிறது. சமரச மையத்துக்குப் போகாமல் தாங்களே பேசித் தீர்த்துக்கொண்டவர்களுக்கும் கட்டணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று, சென்னை உயர் நீதிமன்ற நிர்வாகத்தின் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்து 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததும் நினைவுகூரத்தக்கது.

எனினும், எண்ணிக்கைக்காகத் தரத்தை விட்டுக்கொடுத்தால் இழப்பு இரட்டிப்பாகும். மக்கள் நீதிமன்றங்கள் ஒரே நாளில் லட்சக்கணக்கான வழக்குகளை முடிக்கின்றன. அங்கே அபராதச் சீட்டுகளுக்கும் வங்கிக் கடன் பாக்கிகளுக்கும் அந்த வேகம் பொருந்தலாம். இருபது ஆண்டு மண வாழ்க்கையின் முறிவுக்கு அது பொருந்தாது. சமரச மையமும் மற்றொரு மக்கள் நீதிமன்றமாக மாறிவிட்டால், அவசரத்தில் கையெழுத்திட்டவர்கள் அதை நிறைவேற்ற மறுப்பார்கள். அதே வழக்கு நிறைவேற்று மனுவாக, குற்ற வழக்காக, குடும்ப நல வழக்காக மூன்று உருவங்களில் திரும்பி வரும்.

எங்கெல்லாம் உடன்பாடு ஏற்பட்டால் ஒரு தொகை, ஏற்படாவிட்டால் அதைவிடக் குறைந்த தொகை என்று சன்மானம் வகுக்கப்படுகிறதோ, அங்கெல்லாம் சமரசரின் நடுநிலைக்கு அரசே சோதனை வைக்கிறது. உடன்பாடு ஏற்படாததெல்லாம் தோல்வி அல்ல. அயோத்தி வழக்கில் 2019 மார்ச் 8-இல் உச்ச நீதிமன்றம் நியமித்த சமரசக் குழுவில் நீதிபதி எஃப்.எம்.ஐ. கலிஃபுல்லா, ஸ்ரீ ஸ்ரீ ரவிசங்கர், ஸ்ரீராம் பஞ்சு ஆகிய மூவர் இருந்தனர். மூவருமே தமிழ் மண்ணோடு தொடர்புடையவர்கள். ஆகஸ்டில் அந்த முயற்சி முடிவுக்கு வராமல் நின்றது. நீதிமன்றம் வழக்கைத் தொடர்ந்து விசாரித்து நவம்பர் 9-இல் தீர்ப்பளித்தது. நாட்டின் மிகத் தேர்ந்த சமரசர்களுக்கே உடன்பாடு எட்டாமல் போகலாம் என்றால், மாவட்ட நீதிமன்றச் சமரசரை வெற்றி விகிதத்தால் மட்டும் எடைபோடுவது எப்படி நியாயமாகும்?

செய்ய வேண்டியவை கைக்கு எட்டாதவை அல்ல. 40 மணி நேர வகுப்பு நுழைவாயிலாக மட்டும் இருக்கட்டும். அதன்பின் அனுபவமிக்க சமரசருடன் அமர்ந்து கவனிப்பதும், துணைச் சமரசராகச் சில வழக்குகளை நடத்துவதும், அந்தத் துணைக் காலத்தில் மூத்தவர் எழுத்தில் மதிப்பீடு தருவதும் கட்டாயமாகட்டும். மண வாழ்க்கை வழக்குகளுக்குத் தனிச் சான்று வேண்டும். வன்முறையின் அடையாளங்களைக் கண்டறிவது, குழந்தையின் நலன், ஜீவனாம்சக் கணக்கு ஆகியவை அதன் பாடங்களாக இருக்க வேண்டும். சான்று ஆயுள் முழுமைக்கும் செல்லுபடியாகாமல், குறித்த ஆண்டுகளுக்கு ஒருமுறை புத்தாக்கப் பயிற்சிக்குப் பின் புதுப்பிக்கப்பட வேண்டும். சமரசர் மீது கட்சிக்காரர் புகார் செய்ய, ரகசியத்தைக் குலைக்காத ஒரு வழிமுறை மையந்தோறும் இருக்க வேண்டும். உடன்பாடு ஏற்பட்டாலும் ஏற்படாவிட்டாலும், செலவிட்ட நேரத்துக்கு ஒரே சன்மானம் தரப்பட வேண்டும்.

மொழியையும் மறக்கக் கூடாது. பயிற்சியின் கலைச்சொற்கள் ஆங்கிலத்தில் பிறந்தவை; தொடக்கப் பயிற்சியாளர்களில் அமெரிக்காவிலிருந்து வந்தவர்களும் உண்டு. ஆனால் கட்சிக்காரர் அழுவதும் திட்டுவதும் தம் தாய்மொழியில்தான். "மரியாதை கொடுக்கவில்லை' என்று ஒரு மாமனார் சொல்லும்போது அதில் எத்தனை பொருள் அடங்கியிருக்கிறது என்பதை ஆங்கில வகுப்பு கற்பிக்காது. தமிழகத்துச் சமரசர்களுக்குத் தமிழில், பிகாரின் சமரசர்களுக்கு ஹிந்தியிலும் மைதிலியிலும் நடிப்புப் பயிற்சிகள் எழுதப்பட வேண்டும். வழக்குரைஞர்கள் மட்டுமே சமரசர் ஆகலாம் என்ற எண்ணமும் தளர வேண்டும். கட்டடத் தகராறுக்குப் பொறியாளரும், குடும்பத் தகராறுக்கு மனநல ஆலோசகரும், எல்லைத் தகராறுக்கு ஓய்வு பெற்ற நில அளவையரும் தக்க பயிற்சி பெற்றால் சிறந்த சமரசர்கள் ஆவார்கள். மாதிரி விதிகளே பிற துறை வல்லுநர்களுக்கு இடம் தந்திருந்தன என்பதை நாம் மறந்துவிட்டோம்.

நீதிமன்றத்தில் தவறான தீர்ப்பு வந்தால் மேல்முறையீடு உண்டு. சமரச அறையில் தவறு நேர்ந்தால், பாதிக்கப்பட்டவரின் கையெழுத்தே அவருக்கு எதிரான சாட்சியாகிவிடும். கவுன்சில் வகுக்கும் பயிற்சி நெறிகள் நாடாளுமன்றத்தின் மேசையில் வைக்கப்படும்போது, உறுப்பினர்கள் இந்த ஒன்றையேனும் நினைவில் கொண்டு அவற்றைப் படிக்க வேண்டும்.